விடுதிப் பெண்களும் வலைப்பந்தும்

யாழ்ப்பாணத்துப் பெண்கள் விடுதிப் பாடசாலைகளைப் பற்றிப் பேச வருவோர் அவற்றின் படிப்பைப் பற்றிப் பேசுவார்கள்; தையலையும் சங்கீதத்தையும் பற்றிப் பேசுவார்கள்; ஒழுக்கத்தைப் பற்றியோ சொல்லவே வேண்டியதில்லை. அவ்விடுதிகளில் மாலை நாலரை மணிக்கும் ஆறு மணிக்கும் இடையே என்ன நடந்தது என்பதைப் பற்றி மட்டும் ஏனோ எவரும் அதிகம் பேசுவதில்லை. அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பற்றியே நேயர்களோடு சிறிது பேச எண்ணுகின்றேன். வடபகுதி விடுதியொன்றில் 1956 முதல் 1963 வரை வாழ்ந்தவள் என்ற உரிமை ஒன்றே இதற்கு எனக்குள்ள தகுதி.

பெண்பிள்ளைகளை வீட்டைவிட்டு வேறிடத்தில் தங்கவைத்துப் படிப்பிக்கும் வழக்கம் எங்கள் பகுதியில் மிகப் பழையது. உடுவிலில் 1824ஆம் ஆண்டிலே அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் தொடங்கிய பாடசாலை ஆசியாவின் மிகப் பழைய பெண்கள் விடுதிப் பாடசாலைகளுள் ஒன்றாக எண்ணப்படுகின்றது. அங்கே 1840 முதல் 1879 வரை பணியாற்றிய எலைசா அக்னியூ அம்மையார் ஒருமுறையேனும் தம் தாய்நாட்டுக்குத் திரும்பாமல் இங்கேயே இருந்து, மானிப்பாயிலே உயிர்நீத்தார். வெஸ்லியன் சபையார் வேம்படியிலும், இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்த மிஷனார் 1896இல் சுண்டுக்குளியிலும் பெண்களுக்குப் பாடசாலை அமைத்தார்கள். சைவப் பெண்களுக்கெனத் தனியே ஒரு விடுதிக் கல்லூரி வேண்டுமெனக் கருதிய சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் மருதனார்மடத்தில் தமது கல்லூரியைத் திறந்தார். சமயம் வேறாயினும் இவ்விடங்கள் யாவற்றிலும் விடுதி வாழ்வின் அமைப்பு ஏறத்தாழ ஒன்றே. மணி அடித்தால் எழும்ப வேண்டும். மணி அடித்தால் வணக்கம். மணி அடித்தால் சாப்பாடு. மணி அடித்தால் படிப்பு. பிள்ளை தானாகத் தீர்மானிக்கக்கூடியது எதுவும் அந்த நாளிலே இருக்கவில்லை.

தொடக்க காலத்திலே இப்பாடசாலைகளில் விளையாட்டென்று ஒன்று இருந்ததாகக் கூற முடியாது. பெண்பிள்ளைக்கு உடலுழைப்பு வேண்டுமென்றால் மா இடிப்பதும் தண்ணீர் அள்ளுவதும் போதாவா என்பதே ஊரவரின் எண்ணம். பின்னர் உடற்பயிற்சி வந்தது. வரிசையாக நின்று கையை நீட்டி மடக்கும் அந்தப் பயிற்சியை எவரும் விளையாட்டென்று மயங்கமாட்டார்கள். எங்கள் காலத்திலும் அது காலை வேளையில் நடந்தது. அதைப் பற்றி இதற்கு மேல் சொல்வதற்கு ஒன்றுமில்லை. எங்களுக்கு விளையாட்டென்றால் அது வலைப்பந்தாட்டமே.

இந்த வலைப்பந்தாட்டத்தின் வரலாறு சுவையானது. 1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அமெரிக்காவில் மசாச்சுசெற்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், பனிக்காலத்தில் மண்டபத்துக்குள்ளே அடைபட்டுக் கிடந்த இளைஞர்களுக்காகக் கூடைப்பந்தாட்டத்தைக் கண்டுபிடித்தார். பழம் பறிக்கும் கூடைகள் இரண்டை எடுத்து மண்டபத்தின் மேல்மாடக் கைப்பிடியில் ஆணியடித்துப் பொருத்தினார். அந்தக் கைப்பிடி தரையிலிருந்து பத்தடி உயரத்தில் இருந்தது. அங்கே அது பத்தடியாக அமைந்திருந்த ஒரே காரணத்தினால், இன்றைக்கும் உலகமெங்கும் அந்த வளையம் பத்தடி உயரத்திலேயே நிற்கின்றது. ஐந்தடி உயரமும் இல்லாத யாழ்ப்பாணத்துச் சிறுமிகள் கழுத்து நோக அண்ணாந்து பார்த்ததற்கு ஸ்பிரிங்ஃபீல்டின் தச்சர்களே பொறுப்பாளிகள்!

அடுத்த ஆண்டுகளில் அதே மாநிலத்தில் ஸ்மித் கல்லூரி என்னும் பெண்கள் கல்லூரியிலே செண்டா பெரென்சன் என்ற ஆசிரியை இவ்விளையாட்டைப் பெண்களுக்கு ஏற்றபடி மாற்றினார். பெண்கள் மூச்சு வாங்க ஓடுவது அவர்களின் உடலுக்கும் நாணத்துக்கும் ஒவ்வாதென்று அக்காலத்து வைத்தியர்கள் நம்பினார்கள். ஆகவே ஆடுகளம் மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. தன் பகுதியைத் தாண்டி எவளும் ஓடலாகாது. அந்நம்பிக்கை எளிதில் அழிந்துவிடவும் இல்லை. 1928ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீற்றர் ஓடிக் களைத்ததைக் கண்ட ஆண்கள் அந்த ஓட்டத்தை நிறுத்தி, 1960 வரை அதை மீண்டும் நடத்தாமலே விட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவிலிருந்து அவ்விளையாட்டு 1890களின் நடுப்பகுதியில் இங்கிலாந்தை அடைந்தது. சுவீடன் தேசத்தவரான மார்ட்டினா பெர்க்மன் ஒஸ்டர்பெர்க் அம்மையார் பெண் ஆசிரியைகளுக்காக நடத்திய உடற்பயிற்சிக் கல்லூரியிலே அதற்குப் புதிய உருவம் கிடைத்தது. கூடைக்குப் பதிலாக வளையமும் வலையும் வந்தன. 1901இல் விதிகள் அச்சாயின. அக்கல்லூரியிலும் அதுபோன்ற பிற கல்லூரிகளிலும் பயின்ற ஆசிரியைகள் பிரித்தானிய ஆட்சி நிலவிய நாடுகளுக்கெல்லாம் விளையாட்டையும் உடன் கொண்டுசென்றார்கள். நாங்கள் அணிந்த மடிப்பு வைத்த அந்தக் கையில்லா மேற்கவுனும் அதே கல்லூரியில் பிறந்ததே என்பர்.

நேயர்களுட் பலர், ஆண்கள் சிறப்பாக, வலைப்பந்தாட்டத்தைக் கூடைப்பந்தாட்டத்தின் ஏழைத் தங்கை என்று எண்ணியிருத்தல் கூடும். அது சரியன்று. இதன் விதிகளைச் சற்றே விளக்கிக் கூறினால் இது முற்றிலும் வேறான விளையாட்டென்பது புலனாகும்.

ஆடுகளம் நூறடி நீளமும் ஐம்பதடி அகலமும் உடையது. அணிக்கு எழுவர். நீளவாட்டில் களம் மூன்று சம பகுதிகளாகப் பிரிந்திருக்கும். இரு முனைகளிலும் கம்பத்தைச் சுற்றிப் பதினாறடி ஆரையில் ஓர் அரைவட்டம். கோல் போடும் உரிமை இருவருக்கே உண்டு. அவர்களும் அந்த அரைவட்டத்துள் நின்றே எறிய வேண்டும். ‘கோல் ஷூட்டர்’ என்பவள் தன் முனைப் பகுதியை விட்டு வெளியே வர முடியாது. எதிரணியின் ‘கோல் கீப்பர்’ அவளுக்கு நிழல்போல் அங்கேயே நிற்பாள். ‘சென்டர்’ என்பவள் மட்டும் மூன்று பகுதிகளிலும் ஓடலாம். ஆனால் அரைவட்டங்களுக்குள் அவளும் கால்வைக்கலாகாது. ஏனையோருக்கும் இவ்வாறே எல்லை உண்டு.

இதைப் புதியவர்களுக்கு விளக்குவது வேற்றூர் ஆசிரியைகளுக்குக் கடினமாயிருந்திருக்கலாம். எங்களுக்கு இல்லை. கிளித்தட்டு மறித்து வளர்ந்த பிள்ளைகளுக்குக் கோடென்றால் என்னவென்று தெரியாதா? கிளித்தட்டிலே மறிப்பவர் தம் கோட்டின்மேலேதான் ஓடலாம், கோட்டைவிட்டு இறங்கக்கூடாது. ‘கிளி’யாக நிற்பவருக்கு மட்டும் நடுக்கோட்டிலே நெடுக ஓடும் உரிமை உண்டு. சென்டராக நிற்பவள் எங்கள் விடுதியில் நெடுங்காலம் ‘கிளி’ என்றே அழைக்கப்பட்டாள். ஆசிரியையும் சில மாதங்களில் அவ்வாறே அழைக்கத் தொடங்கினார்.

இனி, பந்தைப் பற்றிய விதிகள். கூடைப்பந்தாட்டத்தில் பந்தைத் தரையில் தட்டித் தட்டி ஒருவரே களம் முழுதும் கொண்டுபோகலாம். இங்கே அது முடியாது. பந்து கையில் விழுந்ததும் எந்தக் கால் முதலில் நிலத்தில் ஊன்றியதோ அந்தக் காலைத் தூக்கலாம். ஆனால் பந்து கையைவிட்டுப் போகும்வரை மீண்டும் அதை ஊன்றலாகாது. பந்தை மூன்று வினாடிகளுக்கு மேல் வைத்திருக்கவும் முடியாது. ஒரு முழுப் பகுதிக்கு மேலாக எறிந்து கடத்தவும் முடியாது. இடைப் பகுதியில் எவளாவது அதைத் தொட்டே ஆகவேண்டும். இவற்றின் பயன் என்னவென்றால், எத்துணை வல்லவளாயினும் தனியே நின்று வெல்ல இயலாது. பந்தை வைத்திருப்பவள் நிற்கிறாள். பந்து இல்லாதவர்களே ஓடுகிறார்கள். எங்கே ஓடினால் பந்து தன்னிடம் வரும் என்பதை ஊகித்து ஓடுவதே ஆட்டத்தின் பெரும்பகுதி. பெண்கள் களைத்துப்போகாமல் இருக்கவேண்டுமென்று விதித்த தடைகள், நிமிர்ந்த தலையும் விரைந்த கண்ணும் உடைய ஓர் ஆட்டத்தை உண்டாக்கிவிட்டன. களைப்பைப் பொறுத்தவரையில், ஆட்டம் முடிந்து கிணற்றடிக்குப் போன எங்களைப் பார்த்திருந்தால் அந்த வைத்தியர்கள் தம் கொள்கையை மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

கோல் போடுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. கூடைப்பந்தின் வளையத்துக்குப் பின்னால் பலகை இருக்கும். அதில் மோதவைத்துப் பந்தை உள்ளே விழுத்தலாம். வலைப்பந்தின் கம்பத்தில் பலகை இல்லை. வெறும் வளையம், பதினைந்து அங்குல விட்டம். பந்தின் விட்டமோ ஏறத்தாழ ஒன்பது அங்குலம். ஆறு அங்குலம் மிச்சம் இருக்கிறதே என்று நினைப்பீர்கள். எங்கள் கணித ஆசிரியை ஒருநாள் தம் கைவளையலைக் கழற்றி எங்கள் கண்முன் பிடித்தார். நேர் மேலிருந்து பார்த்தால் அது முழு வட்டம். சாய்த்துப் பிடிக்கப் பிடிக்க ஒடுங்கி நீள்வட்டமாகின்றது. கண்ணுக்கு நேராகப் பிடித்தால் வெறும் கோடு. பந்தின் கண்ணுக்கும் வளையம் அவ்வாறே தோன்றும் என்றார். நாற்பத்தைந்து பாகை சரிவில் இறங்கும் பந்துக்கு அந்தப் பதினைந்து அங்குலம் பத்தரை அங்குலமாகச் சுருங்கிவிடும். முப்பத்தைந்து பாகைக்குக் கீழே இறங்கினால் திறப்பு பந்திலும் சிறிதாகிவிடும். விளிம்பில் முட்டாமல் உள்ளே புக வழியே இல்லை. ஆகவே வானத்தை நோக்கி எறியுங்கள், வளையத்தை நோக்கி எறியாதீர்கள் என்பதே அவர் சொன்ன இரகசியம். சைன் அட்டவணையைப் பின்னாளில் வகுப்பில் படித்தபோது அது எங்களுக்குப் பழகிய முகமாயிருந்தது.

வானத்தை நோக்கி எறிவதிலே ஒரு தொல்லை இருந்தது. அது சோளகக் காற்று. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரையில் யாழ்ப்பாணத்திலே அந்தக் காற்று ஓயாது. பனையோலைகள் நாள் முழுதும் ஒரே பக்கமாகச் சரசரத்துக்கொண்டிருக்கும்; செம்மண் தூசி வாயிலும் மூக்கிலும் புகும்; உயரே எழுந்த பந்து ஒரு முழம் விலகிப் போய் விழும். நாணயம் சுண்டி வென்ற தலைவி எந்த முனையைத் தெரிகிறாள் என்பதைக் கொண்டே அவளின் புத்தியை அளந்துவிடலாம். காற்றை முதுகில் வாங்கி முதற் பாதியில் கோல்களைச் சேர்ப்பவள் ஒருத்தி. காற்று மாலையில் தணியும் என்று கணக்கிட்டு, முதற் பாதியில் எதிர்காற்றைத் தாங்கிக்கொண்டு பிற்பாதிக்காகக் காத்திருப்பவள் ஒருத்தி. நான் இரண்டாவது வகையினரின் பக்கம். ஐப்பசி பிறந்து மாரி தொடங்கிவிட்டால் காற்றின் தொல்லை நீங்கி நீரின் தொல்லை வரும். அந்நாளைய பந்து தோலினால் ஆனது. உள்ளே இறப்பர்ப் பை. வாயை வாரினால் தைத்துக் கட்டியிருக்கும். ஈரம் குடித்த அந்தப் பந்தைப் பிடிப்பது பெரிய தேங்காயைப் பிடிப்பது போலிருக்கும். வார் முடிச்சு விரலிலே பட்டால் நகம் போய்விடும். எங்களுள் பலருக்குச் சின்னவிரல் இன்றும் சற்றே கோணலாக இருப்பது அதனாலேதான்.

ஆடுகளத்தைப் பேணியவர்களும் நாங்களே. சனிக்கிழமை காலையில் நெருஞ்சி முள் பொறுக்குவோம். தண்ணீர் தெளித்து மண்ணை அமர்த்துவோம். கயிறு கட்டி, நீற்றுச் சுண்ணாம்பினால் கோடு இழுப்போம். வெறுங்காலோடு ஆடிய காலம் அது. சப்பாத்து வைத்திருந்த ஒன்றிரண்டு பிள்ளைகளும் அதை அணிய வெட்கப்பட்டார்கள்.

இவ்வளவு கூறியபின் உடையைப் பற்றிக் கூறாமல் விட முடியாது. ஏனென்றால் பெண்களின் விளையாட்டைப் பற்றி எங்கள் சமூகத்தில் நடந்த வழக்கு முழுவதும் உடையைப் பற்றிய வழக்கே. ஒரு பெண் பந்தை எறிவதில் எவருக்கும் ஆட்சேபம் இருந்ததில்லை. முழங்காலுக்குக் கீழே நாலங்குலம் தெரிவதில்தான் ஆட்சேபம். பத்துப் பன்னிரண்டு வயதுவரையில் அதையும் கண்டுங்காணாமல் விட்டார்கள். பிள்ளை பெரியபிள்ளையாகி, வீட்டில் சாமத்தியச் சடங்கும் நடந்து, தாவணியோடு விடுதிக்குத் திரும்பிவரும்போதுதான் கேள்வி எழும். இனியும் அந்தக் கவுனைப் போட்டுக்கொண்டு ஓடப்போகிறாளா? சில வீடுகளிலிருந்து கடிதம் வரும். சில பெற்றார் நேரிலே வருவார்கள். அணியின் நல்ல ஆட்டக்காரிகளைப் பதின்மூன்றாம் பதினான்காம் வயதில் இழப்பது எங்களுக்கு மாரி மழைபோல் ஆண்டுதோறும் நேர்வதொன்று.

அவ்வாறு நிறுத்தப்பட்டவர்களுள் ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறேன். என் வகுப்புத் தோழி, தீவுப்பகுதியைச் சேர்ந்தவள். தகப்பனார் மலாயாவில் உத்தியோகம். அக்காலத்தில் மலாயாவில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் பலர் இவ்வாறு விடுதிகளிலே வளர்ந்தார்கள். ஊரிலே அவளுக்குப் பொறுப்பாக இருந்தவர் தாய்மாமன். அவளைப் போன்ற ஒரு சென்டரை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. அவள் எறிந்த பந்து எங்கள் கைக்கு வராது. நாங்கள் இன்னும் போய்ச் சேராத இடத்துக்கு வரும். நாங்கள் போய்ச் சேரும்போது பந்தும் அங்கே இருக்கும். 1959ஆம் ஆண்டு வேறொரு பாடசாலையில் நடந்த போட்டிக்குப் போனபோது, கிடுகு வேலிக்கு வெளியே தெருவிலே சிலர் நின்று பார்த்தார்கள். அவர்களுள் ஒருவர் அந்தத் தீவைச் சேர்ந்தவர். அடுத்த வாரமே அம்மானின் கடிதம் வந்துவிட்டது. மரியாதை குறையாத, நல்ல எழுத்திலே எழுதிய கடிதம். தம் மருமகளை இனிமேல் விளையாட்டில் ஈடுபடுத்தலாகாது என்று அதில் இருந்தது.

அந்த அம்மானைக் கொடியவர் என்று நான் சொல்லமாட்டேன். தகப்பன் கடல்கடந்து இருக்க, அவளின் கலியாணத்துக்கு ஊரில் பதில் சொல்லவேண்டியவர் அவர். சாதகம் பார்க்க வருபவர்கள் முதலில் கேட்கும் கேள்விகளை அவர் அறிவார். என் மனக்குறை விடுதி நிர்வாகத்தின்மேல்தான். ஒரு மறுமொழி எழுதியிருக்கலாம். ஒருமுறை அழைத்துப் பேசியிருக்கலாம். செய்யவில்லை. மறுநாளே அவளின் பெயர் அணிப்பட்டியலிலிருந்து வெட்டப்பட்டது. பிள்ளைகள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கும் வழக்கமும் இல்லை.

அவள் அழுததை நான் காணவில்லை. நாலரை மணிக்கு வழமைபோல் மைதானத்துக்கு வந்தாள், தாவணியோடு. கோல் கணக்கு எழுதும் கொப்பியை எடுத்துக்கொண்டு வாங்கிலே உட்கார்ந்தாள். ஒரு தவணை முழுவதும் அவ்வாறே. அந்தக் காலத்தில் ஆசிரியையிடமிருந்த சிறு விதிநூலை அவள் வாங்கிப் படித்துக்கொண்டிருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. வலைப்பந்தாட்டத்திலே மத்தியஸ்தர் இருவர். ஒவ்வொருவருக்கும் பாதிக் களம். அவர்கள் களத்துக்குள்ளே நிற்பதில்லை. பக்கக் கோட்டுக்கு வெளியே ஓடியோடிப் பார்ப்பார்கள். எங்கள் பயிற்சி ஆட்டங்களுக்கு ஆசிரியை ஒருவரே மத்தியஸ்தராயிருந்தார். மறுபாதிக்கு ஆள் இல்லை. அடுத்த தவணை தொடங்கிய அன்று அவள் ஆசிரியையிடம் போய், அம்மானின் கடிதத்தில் விளையாட்டைப் பற்றித்தானே எழுதியிருக்கிறது, மத்தியஸ்தம் பற்றி ஒன்றும் இல்லையே என்று கேட்டாள். ஆசிரியை சற்று நேரம் பேசாமல் நின்றுவிட்டு, கழுத்திலிருந்த மேலதிக ஊதுகுழலைக் கழற்றிக் கொடுத்தார்.

தாவணித் தலைப்பை இடுப்பிலே செருகிக்கொண்டு அவள் பக்கக் கோட்டின் ஓரமாக ஓடிய காட்சி இன்றும் கண்ணில் நிற்கிறது. கால் பிழையை அவளைப்போல் பிடிக்க எவராலும் முடியாது. எந்தக் கால் முதலில் ஊன்றியது என்பதில் எங்களுக்கே ஐயம் இருக்கும், அவளுக்கு இராது. தோழிகள் என்பதற்காக ஒரு பிழையேனும் விட்டுக்கொடுத்தவள் அல்லள். நாங்கள் தடுப்பாட்டத்தில் மூன்றடி தள்ளி நிற்கவேண்டும். இரண்டே முக்கால் அடியில் நின்றாலும் ஊதல் கேட்கும். 1962இல் பாடசாலைகளுக்கிடையிலான ஓர் ஆட்டத்துக்கு அவள் சேலையுடன் மத்தியஸ்தராக நின்றபோது அம்மானும் வந்திருந்தார். பெற்றாருக்குப் போட்ட கதிரையிலே அமர்ந்து இறுதிவரை பார்த்தார். என்ன நினைத்தார் என்பதை எவரும் கேட்கவில்லை. பிற்காலத்தில் அவள் கணித ஆசிரியையாகி, மூன்று பாடசாலைகளில் முப்பது ஆண்டுகள் படிப்பித்தாள். அங்கெல்லாம் மாலையில் ஊதுகுழலோடு களத்தின் ஓரத்தில் நின்றாள்.

வெளிப் பாடசாலைகளுக்குப் போட்டிக்குப் போவது எங்களுக்குத் திருவிழா. வாடகை பஸ், பாட்டு, இடைவேளையில் தோடம்பழத்தை நான்காக வெட்டி உப்புத் தூவித் தருவார்கள். எதிரணியினரோடு பேசுவதற்கு ஆட்டம் முடிந்தபின் தேநீர் நேரம் இருந்தது. சைவப் பாடசாலைப் பிள்ளைகளும் கிறிஸ்தவப் பாடசாலைப் பிள்ளைகளும் ஒரே மேசையில் இருந்து உண்ட சந்தர்ப்பங்கள் அந்நாளில் அதிகம் இல்லை. அவற்றுள் இதுவும் ஒன்று.

ஆண்டுதோறும் முதலாம் தவணையில் நடக்கும் இல்ல விளையாட்டுப் போட்டியைப் பற்றியும் ஒரு சொல். தேசிக்காயும் கரண்டியும், சாக்கு ஓட்டம், மூன்றுகால் ஓட்டம், அஞ்சல் ஓட்டம், பழைய மாணவியர் ஓட்டம் என்று நிகழ்ச்சிகள் நீளும். குருத்தோலையால் இல்லங்களை அலங்கரிப்போம்; பிரமுகர் ஒருவர் வந்து பெண்கல்வியைப் பற்றிப் பேசுவார். பார்ப்பதற்கு அழகான நாள். என்றாலும் அது பெற்றாருக்காக நடந்த விளையாட்டு. நாலரை மணி ஆட்டத்துக்குப் பார்வையாளர் இல்லை; அதனாலேயே அது எங்களுடையது.

எங்கள் சிறு களத்திலே நாங்கள் ஆடிக்கொண்டிருந்த அதே காலத்தில், அவ்விளையாட்டின் பெரிய அலுவல் ஒன்று இந்நாட்டிலேயே நடந்தது. அதுவரையில் நாட்டுக்கு நாடு விதிகள் வேறுபட்டிருந்தன. ஓரிடத்தில் அணிக்கு ஐவர், ஓரிடத்தில் எழுவர், ஓரிடத்தில் ஒன்பதின்மர். அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் அதற்குப் பெயரே வேறு. பெண்கள் கூடைப்பந்து என்றார்கள். 1960இல் பல நாடுகளின் பிரதிநிதிகள் இலங்கையிலே கூடிப் பொதுவான விதிகளை வகுத்தார்கள். சர்வதேசச் சங்கமும் அப்போதுதான் உருவாயிற்று. மூன்று ஆண்டுகள் கழித்து, 1963இல், இங்கிலாந்தின் ஈஸ்ற்போர்ன் நகரில் முதலாவது உலகப் போட்டி நடந்தபோது பங்குபற்றிய பதினொரு அணிகளுள் இலங்கையும் ஒன்று. விடுதியின் வானொலிப் பெட்டியைச் சுற்றி நாங்கள் கிரிக்கெற் கேட்டதுண்டு. இந்தச் செய்தியைக் கேட்ட நினைவு எனக்கு இல்லை.

பின்னர் காலம் மாறியது. 1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவிபெறும் பாடசாலைகள் பெரும்பாலும் அரசாங்கத்தின் கைக்குச் சென்றன. வேம்படி அவ்வாறு சென்றது. உடுவிலும் சுண்டுக்குளியும் தனியார் பாடசாலைகளாக நின்றன. பஸ் வசதி பெருகப் பெருக நாள்தோறும் வந்துபோகும் பிள்ளைகள் கூடினார்கள். நாலரை மணிக்கு அவர்கள் வீட்டுக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்கவேண்டுமே! விளையாட்டு காலைக்கும் சனிக்கிழமைக்கும் ஒதுங்கியது. அதன்பின் போர் வந்தது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுதும் ஒரே நாளில் வீடுவாசலைவிட்டு வெளியேறி நடந்தபோது, பாடசாலை மைதானங்களில் கோடு இழுக்க ஒரு பிள்ளையும் இருக்கவில்லை.

அந்த வலிகாமத்தைச் சேர்ந்த ஈவினைக் கிராமத்திலிருந்துதான் தர்ஜினி சிவலிங்கம் வந்தார். உயரம் ஆறடி பத்து அங்குலம். உலகின் மிக உயர்ந்த வலைப்பந்தாட்ட வீராங்கனை என்று பெயர்பெற்றவர். 2009இலும் 2018இலும் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்றபோது கோல் ஷூட்டராக நின்றவர் அவரே. 2019இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத்தில் அதிக கோல்களை இட்டவரும் அவரே. உயரம் இருந்தால் போதும், எவரும் போடலாம் என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் ஆட்டத்தைப் பார்க்காதவர்கள். உயரே எறியப்பட்ட பந்தைப் பிடிக்கும்போது, இரண்டு பேர் இருபுறமும் நெருக்க, தம் காலை எங்கே ஊன்றுகிறார் என்பதைப் பாருங்கள். முதலில் ஊன்றிய கால் பிறகு அசைவதில்லை. மற்றக் காலை மட்டும் வளையத்தை நோக்கி எடுத்துவைத்து, மூன்று வினாடி முடியுமுன் பந்தை விடுகிறார். 2018இன் இறுதியாட்டத்தை நான் தொலைக்காட்சியில் என் தோழியுடன் சேர்ந்திருந்து பார்த்தேன். தர்ஜினி கோல் போடுந்தோறும் வீட்டிலிருந்தவர்கள் கைதட்டினார்கள். அவள் மட்டும் திரைக்கு அருகே கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தபடி, கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். “பிழை இல்லை” என்று இடைக்கிடை சொன்னாள்.